கட்டாமலே கட்டடம் கட்டுவது எப்படி?

வேலையில் சேருவதற்கு முன்பே, சொந்தக்காரர்களிடம் என்ன சொல்வது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். “சிவில் இன்ஜினியர்” என்றால் எல்லோருக்கும் புரியும். “கட்டுமான ஆலோசனை நிறுவனத்தில் இருக்கிறேன்” என்று ஒருமுறை கல்யாண வீட்டில் சொல்லித் தொலைத்தேன்.

“அப்ப நீ கட்ட மாட்டியா?” என்றார் பெரியப்பா.

“இல்ல பெரியப்பா, கட்டுறது கான்ட்ராக்டர்.”

“வீட்டுக்குப் பிளான் போடுவியா?”

“அது ஆர்க்கிடெக்ட்.”

“காசு போடுறது?”

“ஓனர்.”

“அப்ப நீ என்னதான்டா பண்றே?”

இந்தக் கேள்விக்கு 11 வருடமாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். இதுவரை கிடைத்ததில் உருப்படியானது இதுதான்: கட்டுகிறவர் ஒழுங்காகக் கட்டியிருக்கிறார் என்று, கட்டாத ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கட்டாத ஒருவன் நான். பெரியப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தன் வீட்டு பாத்ரூம் கசிவுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டார். இலவச ஆலோசனை தருவதுதான் இந்தத் தொழிலில் உங்கள் முதல் அனுபவமாக இருக்கும். கடைசி அனுபவமும் அதுவாகவே இருக்கலாம்.

சேரப்போகும் அலுவலகத்தைப் பார்த்து மலைக்காதீர்கள். பெரும்பாலும் அது பழைய அடுக்குமாடி ஒன்றின் இரண்டாவது மாடியில், படுக்கையறைகளைத் தடுத்துப் போட்டதாக இருக்கும். ஊருக்கெல்லாம் ஒழுகலுக்கு வழி சொல்லும் எங்கள் ஆபீசில், டீ போடும் இடத்துக் கூரையில் ஒரு ஈரத்திட்டு இருந்தது. நான் சேர்ந்தபோது இலங்கை அளவு. இரண்டு ஐப்பசி மழையில் மடகாஸ்கர் ஆகிவிட்டது. அதைச் சரிசெய்ய யாரும் முயலவில்லை, ஏனென்றால் அதற்கு ஃபீஸ் தர ஆளில்லை.

ஃபீஸ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வாசல் கேட்டுக்கு வேலைப்பாடு செய்ய எவ்வளவு ஆனாலும் கொடுக்கும் ஓனர், ஸ்ட்ரக்சுரல் டிசைனுக்குச் சதுரடிக்கு ஒரு ரூபாய் கூடக் கேட்டால் முகம் சுளிப்பார். எங்களுக்குப் பணம் தவணை தவணையாக வரும்: அஸ்திவாரத்துக்கு ஒன்று, ஒவ்வொரு தளத்துக்கும் ஒன்று, கடைசித் தவணை கட்டடம் முடிந்ததும். கடைசித் தவணையைக் கண்ணால் பார்த்தவர்கள் தொழிலில் குறைவு. இதே வீட்டுக்கு வந்த வாஸ்து நிபுணருக்கு முழுப் பணமும் முன்கூட்டியே, வெற்றிலை பாக்கு வைத்து, தட்டில் தரப்பட்டது. அவருக்கு ஜிஎஸ்டி கிடையாது, டிடிஎஸ் கிடையாது. ரிவிஷன் செய்யச் சொல்லி அவரை யாரும் கேட்பதும் கிடையாது.

கேட்கப்படுவது நாம்தான். அஸ்திவாரம் போட்டு, தூண் ஏற்றி, முதல் தளத்துக்குச் சென்டரிங் அடித்துக்கொண்டிருக்கும் வேளையில் அவர் வந்து, ஈசானிய மூலையில் மாடிப்படி இருக்கலாகாது, கன்னி மூலைக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிடுவார். படி என்பது நாற்காலி இல்லை, இங்கிருந்து தூக்கி அங்கே போட. அதைத் தாங்கும் பீம், பீமைத் தாங்கும் தூண், தூணுக்குக் கீழே பூட்டிங் என்று ஒரு குடும்பமே கூட நகர வேண்டும். இதை ஓனரிடம் விளக்காதீர்கள். “பார்த்துச் சொல்றேன் சார்” என்று மட்டும் சொல்லுங்கள். இரவு பதினொரு மணிக்கு டிராயிங்கைத் திறந்து, மூலையில் இருக்கும் ஆர்4 என்பதை ஆர்5 ஆக்குங்கள். சைட்டில் இன்னும் ஆர்3தான் ஒட்டியிருக்கும் என்பதை நினைத்து நிம்மதியாகத் தூங்குங்கள்.

அடுத்து, பாஷை. ஆபீசில் சேர்ந்த முதல் மாதத்துக்குள் மூன்று பாஷைகளைக் கற்க வேண்டும்.

ஒன்று, கடிதப் பாஷை. ‘ஆர்க்கிடெக்டுடன் ஒருங்கிணைத்துக்கொள்ளவும்’ என்றால் எனக்குத் தெரியவில்லை என்று பொருள். ‘சைட் நிலைமைக்கு ஏற்பச் செய்யவும்’ என்றால் எங்களுக்குத் தெரியாமல் செய்யவும். ‘கொள்கையளவில் ஒப்புதல்’ என்றால் நின்றால் ஒப்புதல், விழுந்தால் இல்லை. ‘குறித்துக்கொண்டோம்’ என்பது இவற்றில் தலைசிறந்தது. எதை, யார், எங்கே குறித்தார்கள் என்று எந்த நீதிமன்றத்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டாவது, அளவுப் பாஷை. டிராயிங் மில்லிமீட்டரில் இருக்கும். ஓனர் அடியில் பேசுவார். விளம்பரத்தில் சதுரடி. மேஸ்திரிக்கு நூல். அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு நூல், அதாவது மூன்று மில்லிமீட்டரும் சொச்சமும். “ஒரு நூல் சாஞ்சிருக்கு தம்பி” என்று மேஸ்திரி சொன்னால் தூக்குக் குண்டை எடுத்துக்கொண்டு ஓடுங்கள், அது நாலு நூலாவது இருக்கும். “சுத்தமா மட்டமா இருக்கு” என்று அவர் சொன்னால் உட்கார்ந்து டீ குடிக்கலாம். பட்டப்படிப்பில் நான் படித்த சர்வேயிங்கைவிட அவருடைய ஒற்றைக் கண்ணை மூடிய பார்வை நம்பகமானது. ஒரு மேஸ்திரி, தூணுக்குப் பெட்டி பிரிப்பதற்கு முன்பே, பலகையைச் சுத்தியலால் தட்டி, “இந்த இடத்துல தேன்கூடு இருக்கும்” என்று சாக்பீஸால் வட்டம் போட்டார். பிரித்துப் பார்த்தால் ஜல்லி பல்லிளித்துக்கொண்டு, சரியாக அந்த வட்டத்துக்குள். அந்தச் சத்தத்தைப் பிரித்துக் கேட்க நானும் பல வருடம் தட்டிப் பார்த்துவிட்டேன். எனக்கு எல்லாம் ஒரே டொக்காகத்தான் கேட்கிறது.

மூன்றாவது, கிலோ பாஷை. இது கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது, ஏனென்றால் சென்னையில் கன்சல்டன்டின் தலையெழுத்து இதில்தான் இருக்கிறது. உங்கள் டிசைனை யாரும் படிக்க மாட்டார்கள். ஐஎஸ் 456-ன் எந்தப் பிரிவைப் பின்பற்றினீர்கள், காற்றுக்கு என்ன கணக்கு, மண்ணின் தாங்குதிறன் எவ்வளவு, ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஒரே கேள்வி: “சதுரடிக்கு எத்தனை கிலோ கம்பி சார் வருது?” நாலரை என்பீர்கள். “பக்கத்து சைட்ல மூணரைதான் வந்துச்சாம்” என்பார். பக்கத்து சைட்டில் எத்தனை மாடி, தூணுக்குத் தூண் எத்தனை அடி, அடியில் களிமண்ணா பாறையா என்பதெல்லாம் அவருக்கு அநாவசியம். மீன் மார்க்கெட்டில் வஞ்சிரம் பேரம் பேசுவதுபோல் பேசுவார். அனுபவஸ்தர்கள் முதலிலேயே அஞ்சு என்று சொல்லிவிட்டு நாலரைக்கு இறங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அப்படிச் செய்யக் கூடாது என்று சொல்லத்தான் இந்தப் பத்தியை ஆரம்பித்தேன். எழுதி முடிக்கும்போது அவர்கள் செய்வதில் என்ன தப்பு என்று தோன்றுகிறது.

பேரத்தின் உச்சக்கட்டம் பூகம்பம். 2001-ல் குஜராத்தின் பூஜ் பூகம்பம் வந்தது. அடுத்த வருடம் திருத்தி வெளியிட்ட ஐஎஸ் 1893-ல் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றினார்கள். அதனால் கம்பி கூடுகிறது, முக்கியமாகத் தூணும் பீமும் சேரும் இடத்தில் வளையங்களை நெருக்கமாகப் போட வேண்டியிருக்கிறது. “சென்னையில எங்க சார் பூகம்பம் வந்துச்சு?” என்று ஓனர் கேட்பார். பெரிதாக எதுவும் வரவில்லை என்பது உண்மை. இவருக்கு என்ன பதில் சொல்வது என்று மேனேஜிங் டைரக்டரைக் கேட்டேன். “வந்தப்புறம் கேக்க மாட்டார்” என்றார்.

இனி சைட். காலை பத்து மணிக்கு, தேய்த்த சட்டையோடு, அலுவலகக் காரில் போய் இறங்கினால் அங்கே எல்லாம் அழகாகவே இருக்கும். எட்டு மணிக்கே தேன்கூட்டை எல்லாம் சிமென்ட் கலவையால் பூசி மெழுகியிருப்பார்கள். பெட்டி பிரிக்கும் காலை ஆறரைக்குப் போங்கள். உங்களைக் கண்டதும் ஒரு பையன் ஓடிப்போய் யாரையோ எழுப்புவான். அந்தப் பையன் எந்தப் பக்கம் ஓடுகிறானோ அதற்கு எதிர்ப்பக்கம் போய்ப் பாருங்கள்.

அங்கே காணப்போகிறவை: கம்பிக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி விட வைக்கும் கவர் பிளாக்குக்குப் பதில் உடைந்த டைல்ஸ் துண்டு. பூட்டிங்குக்கு 50 மில்லிமீட்டர், தூணுக்கு 40, கடற்காற்று படும் இடமானால் 45 என்று நீங்கள் டிராயிங்கில் எழுதியதெல்லாம் அந்த டைல்ஸ் துண்டின் தடிமனுக்குச் சுருங்கியிருக்கும். 14 நாள் நிற்க வேண்டிய ஜாக்கிகள் ஏழாவது நாளே அடுத்த தளத்துக்கு ஏறியிருக்கும். கட்டடத்தின் நெற்றியில் திருஷ்டி பொம்மை தொங்கும். ஒரு சைட்டில் யாரோ அதன் தலையில் மஞ்சள் ஹெல்மெட்டை மாட்டியிருந்தார்கள். அன்று அந்த வளாகத்தில் ஹெல்மெட் போட்டிருந்தது அது ஒன்றுதான்.

கியூப் விஷயத்தில் ஏமாறாதீர்கள். 60 கன மீட்டர் கான்கிரீட் போட்டால் ஐந்து முறை மாதிரி எடுக்க வேண்டும், முறைக்கு மூன்று என்று 15 கியூப். ஒவ்வொன்றும் 150 மில்லிமீட்டர் கனசதுரம், எட்டு கிலோ எடை. அந்த எட்டு கிலோ எம்25 கட்டி 28 நாள் கழித்துச் சுமார் 57 டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். தளத்துக்குப் போகும் கான்கிரீட்டை அள்ளி அச்சில் போட வேண்டும் என்பது விதி. ஓரமாக ஒரு சித்தாள், பாண்டில் தனியாகச் சிமென்ட் கூட்டிக் குழைத்துக்கொண்டிருந்தால், அது கியூபுக்காகத் தயாராகிறது. நாங்கள் அதை மாப்பிள்ளை கியூப் என்போம். நகை, வேஷ்டி, சந்தனம் எல்லாம் அதற்கு. டெஸ்ட் ரிப்போர்ட்டில் அது 57-க்கு 80 டன் தாங்கும். ரிப்போர்ட்டைப் பார்த்து ஓனர் நமக்குச் சாக்லேட் கொடுப்பார்.

ரெடிமிக்ஸ் லாரி வந்தால் சலானில் எழுதியிருக்கும் நேரத்தைப் பாருங்கள். தண்ணீர் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும். ஓஎம்ஆர் டிராபிக்கில் அதில் பாதி கரைந்துவிடும். கலவை இறுகினால் பம்ப் ஆபரேட்டர் உங்கள் காதருகே வந்து, “கொஞ்சம் தண்ணி காட்டினா ஓடிடும் சார்” என்பார், குதிரையைப் பற்றிச் சொல்வதுபோல. அவர் கையிலிருக்கும் ஹோஸை வாங்கி நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். அன்று முழுக்க அதுதான் உங்கள் வேலை.

திங்கட்கிழமை மீட்டிங்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சமோசா வரும். தாமதத்துக்குக் காரணம் கேட்கப்படும்: மழை, பொங்கல், எம்-சாண்ட் தட்டுப்பாடு, பிகார்க்காரர்கள் சத் பூஜைக்கு ஊருக்குப் போனது, மேற்கு வங்கத் தேர்தல். மினிட்ஸ் எழுதும் பொறுப்பை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பேசியது யாருக்கும் ஞாபகம் இருக்காது, மினிட்ஸை எழுதியவர் சொன்னதே நடந்தது.

ஆக, தொழிலின் சூட்சுமம் உங்களுக்குப் பிடிபட்டிருக்கும்: எது கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள், எது சொன்னாலும் எழுத்தில் சொல்லுங்கள். கட்டடம் மேலே ஏற ஏற உங்கள் ஃபைலும் தடிக்க வேண்டும். ரெரா சட்டப்படி, வீட்டை ஒப்படைத்து ஐந்து வருடம்வரை கட்டமைப்புக் குறைபாட்டுக்குக் கட்டி விற்றவர் பொறுப்பு. அவர் திரும்பிப் பார்க்கும்போது அவருக்குப் பின்னால் நீங்கள் நிற்பீர்கள், ஃபைலைப் பிடித்துக்கொண்டு.

நான் இந்த வேலையில் சேர்ந்தது 2014-ல். சேர்ந்து சில வாரம்தான், ஜூன் 28-ம் தேதி சனிக்கிழமை மாலை மழையில் மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடி அப்படியே உட்கார்ந்துவிட்டது. 61 பேர் போனார்கள். பெரும்பாலும் தொழிலாளர்கள், ஆந்திராவிலிருந்து வந்தவர்கள் பலர். கைதானவர்களில் பொறியாளர்களும் இருந்தார்கள். திங்கட்கிழமை ஆபீசில் யாரும் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. ஆனால் எங்கள் சீனியர்கள் ஆளுக்கொரு பழைய ஃபைலைத் தூசி தட்டி எடுத்துவைத்துக்கொண்டு, கால்குலேட்டரில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்கள். சமோசா அப்படியே ஆறிப்போனது. பக்கத்தில் மிச்சமிருந்த இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2-ம் தேதி வெடிவைத்துத் தகர்த்தார்கள். டிவியில் பார்த்தேன். சில நொடி வேலை.

இதற்கு மேல் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் வழிகாட்ட வேண்டியிருக்கிறது: “கூடாது” என்று சொல்வது எப்படி? சரியான முறை, சொல்லாமல் இருப்பது. மெயிலில் ‘பின்வருவனவற்றைக் கவனத்தில் கொள்ளவும்’ என்று ஆரம்பித்து நாலு வரி எழுதி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். நான் ஒருமுறை அதை வாயால் சொல்லித் தொலைத்தேன், அது எப்படிச் செய்யக் கூடாது என்பதற்கு உதாரணமாகச் சொல்கிறேன்.

நாவலூர்ப் பக்கம் ஒரு அடுக்குமாடி. மூன்றாவது தளத்துக்கு இரவு கான்கிரீட். ஒன்பது மணிக்கு நல்ல நேரம் என்று பூசணிக்காய் சுற்றி உடைத்தாகிவிட்டது, பிரியாணிப் பொட்டலமும் வந்துவிட்டது. டார்ச் அடித்துக்கொண்டு ஒரு சுற்று வந்தேன். பால்கனிகள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்பவை, தாங்க அடியில் தூண் இல்லை. அதனால் அவற்றின் முக்கியக் கம்பி மேல் பக்கமாக இருக்க வேண்டும். அந்தக் கம்பியை மேலே தூக்கிப் பிடிக்க, சேர் என்று வளைத்த கம்பித் துண்டுகளை அடியில் வைப்பார்கள். இங்கே சேர் வைக்கவில்லை. எலெக்ட்ரிஷியன், பிளம்பர், சித்தாள்கள், நான் உட்பட எல்லோரும் நாளெல்லாம் மிதித்து மிதித்து, மேலே இருக்க வேண்டிய கம்பி அத்தனையும் கீழே பலகையோடு படுத்துக் கிடந்தது. இப்படியே கான்கிரீட்டை ஊற்றினால் வெளியிலிருந்து பார்க்க எந்த வித்தியாசமும் தெரியாது. முட்டு எடுக்கும் நாளிலோ, பத்து வருடம் கழித்து யாராவது பால்கனியில் நின்று பட்டாசு பார்க்கும் நாளிலோ தெரியும்.

“போடக் கூடாது” என்றேன்.

கீழே இரண்டு லாரி டிரம்மைச் சுற்றிக்கொண்டு நின்றன. 12 கன மீட்டர். கான்ட்ராக்டரின் மேனேஜர் போன் செய்தார். பிறகு ஓனர். “ஆறு பால்கனிக்காக நல்ல நேரத்தை விடச் சொல்றீங்களா?” பிறகு ஓனரின் மச்சான், அவருக்கும் திட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்குக் கால் நடுங்கியது. ஒரு மூலையில் போய் உட்கார்ந்தேன், போனை அணைக்கக்கூடத் தைரியம் வரவில்லை. மேஸ்திரி என்னைப் பார்க்கவே இல்லை. பீடியை அணைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். சரி, இவரும் கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில், மிச்சம் கிடந்த 12 மில்லிமீட்டர் கம்பித் துண்டுகளைத் தோளில் அள்ளிக்கொண்டு மேலே வந்தார். ஒவ்வொன்றாக வளைத்து, பால்கனிக் கம்பியை நெம்பித் தூக்கி, அடியில் செருக ஆரம்பித்தார். “லைட்டை இப்படிக் காட்டு தம்பி” என்றார். அவ்வளவுதான் பேசினார். இரண்டு லாரியும் திரும்பிப் போயின. ராத்திரி ஒன்றரைக்குப் புது லாரி வந்தது, விடிய விடியப் போட்டோம்.

காலையில் மேனேஜிங் டைரக்டர் அழைத்தார். கம்பி எங்கே இருந்தது, எவ்வளவு இறங்கியிருந்தது என்று சொல்லத் தயாராக அளவெல்லாம் குறித்துவைத்திருந்தேன்.

“மெயில் போட்டியா?” என்றார்.

போடவில்லை. அந்த மாதமே கான்ட்ராக்டரிடமிருந்து, கன்சல்டன்டால் ஏற்பட்ட தாமதம், வீணான கான்கிரீட் 12 கன மீட்டர் என்று ஒரு டெபிட் நோட் வந்தது. அடுத்த மீட்டிங்கில் அதைக் குறித்துக்கொண்டோம்.

போன மாதம் அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். குடிவந்து சில வருடம் ஆகியிருக்கும். மூன்றாவது மாடிப் பால்கனி ஒன்றில் கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். மூலையில் வாஷிங் மெஷின். பக்கத்தில் தண்ணீர் கேன் மூன்று, மண் நிரப்பிய சிமென்ட் தொட்டியில் துளசி, ஒரு பழைய மர பீரோ. டிராயிங்கில் இதெல்லாம் இல்லை. பால்கனிக்குச் சதுர மீட்டருக்கு 300 கிலோ என்று கணக்கில் எடுத்திருந்தோம். கழுத்தைத் தூக்கி, உதட்டை அசைத்துக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாட்ச்மேன் எழுந்து வந்தார்.

“யாரைப் பாக்கணும் சார்?”

“யாரையும் இல்ல. சும்மா” என்றேன்.